நிரலில் பிழை தேட உதவும் டிபக் கோப்பைப் பிரித்து வைக்கிறீர்களா?
ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மழை மூட்டத்தில் டேட்டா இழுக்காத நேரம், டிபக் கோப்பை ஜிடிபி என்ற பிழைதேடும் கருவி நெட்டில் தேடப் போனால் வேலை நின்றுவிடும். கையிலேயே வைத்திருங்கள்.

முதலில் ஒப்ஜ்கொப்பி கட்டளையின் 'ஒன்லி-கீப்-டிபக்' தெரிவால் டிபக் தகவலைத் தனிக் கோப்பாக எடுங்கள், பிறகே நிரலிலிருந்து அதை நீக்கும் ஸ்ட்ரிப் கட்டளை. வரிசை மாறினால் எடுக்க ஒன்றும் மிஞ்சாது.

தேடுவதற்குக் கோப்பின் பெயரைவிட நிரலுக்குள் பதிந்திருக்கும் தனி அடையாளமான பில்ட்-ஐடி நம்பகமானது. 'ரீட்எல்ஃப் -என்' கட்டளை வழக்கமாகக் காட்டும் அதன் 40 எழுத்தில் முதல் 2 கோப்புறையின் பெயர். மீதி 38 உடன் '.டிபக்' சேர்த்தால் கோப்பின் பெயர். வைக்குமிடம் '/யுஎஸ்ஆர்/லிப்/டிபக்/.பில்ட்-ஐடி'.

நிரலில் டிபக் கோப்பின் பெயரைப் பதித்து இணைக்கும் டிபக்லிங்க் வழியில் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் பார்க்கப்படும். இணைத்தபின் டிபக் கோப்பில் கைவைத்தால் பொருந்தாது. நெட்டில் டிபக் கோப்பு தரும் சேவையான டிபக்இன்ஃபோடி வழியே இறக்கிய கோப்பையும் நம்பியிருக்காதீர்கள்: ஒரு வாரம் தொடாவிட்டால் கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பிலிருந்து அழிக்கப்படலாம்.