வளாக அறிவிப்பை வாசிப்பது எப்படி? முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு செய்முறை

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, நிர்வாகக் கட்டடத்தின் பக்கவாட்டுச் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் ஓர் உதவித்தொகை அறிவிப்பு மூன்று வாரமாகத் தொங்கியிருக்கிறது. என் கண்ணில் பட்டது கடைசி நாளுக்கு முந்தைய நாள். வருமானச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். அன்று இரவே ஊருக்குப் பஸ் ஏறினேன். காலையில் விஏஓ அலுவலகம் பூட்டியிருந்தது. அந்த வருடத்துப் பணம் அதோடு போயிற்று. அப்பா நெல் விற்ற காசில் ஃபீஸ் கட்டினார்.

அறிவிப்பை யாரும் ஒளித்து வைக்கவில்லை. ஆனால் அது ஏற்கெனவே விவரம் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டிருந்தது. அக்காவோ மாமாவோ முன்பே கல்லூரி படித்த வீட்டுப் பிள்ளைகளுக்கு "ஜூலையிலேயே சான்றிதழ் வாங்கி வச்சுக்கோ" என்று சொல்ல ஆள் இருந்தது. அப்படிச் சொல்ல ஆளில்லாத வீட்டிலிருந்து வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளையும் பல்கலைக்கழக வளாகங்களையும் மனதில் வைத்தே சொல்கிறேன்.

படி 1: பலகைகள் எங்கே இருக்கின்றன என்று நடந்து பாருங்கள்

முதல் வாரத்தில் ஒரு மதியம் ஒதுக்குங்கள். துறை அலுவலகம், நூலக வாசல், ஹாஸ்டல் மெஸ், பிளேஸ்மென்ட் செல், தேர்வுப் பிரிவு, உடற்கல்வி இயக்குநர் அறை, நிர்வாகக் கட்டடம் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு பலகை இருக்கும். ஒன்றில் ஒட்டியதை இன்னொன்றில் ஒட்டியிருக்க மாட்டார்கள். உதவித்தொகை விவரம் பெரும்பாலும் அலுவலகச் சுவரில்தான் இருக்கும். அந்தப் பக்கம் மாணவர்கள் ஃபீஸ் கட்டும்போது மட்டுமே போவார்கள். வாரத்துக்கு இரண்டு நாள், திங்களும் வியாழனும், அந்த வழியாகவே வகுப்புக்குப் போவது என்று பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவை மட்டும் நம்பி இருக்காதீர்கள். குழுவில் வருவதைப் பலகையிலோ கல்லூரி இணையதளத்திலோ ஒருமுறை சரிபாருங்கள். பலகையைப் படமெடுக்கும்போது கையெழுத்தும் தேதியும் விழும்படி முழுத் தாளையும் எடுங்கள். பாதி வெட்டிய படத்தால்தான் போன வருட அறிவிப்பு இந்த வருடமும் சுற்றுகிறது.

படி 2: சுற்றறிக்கையின் உறுப்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

அரசுக் கல்லூரிச் சுற்றறிக்கை ஒரே அச்சில்தான் வரும். மேலே ந.க. எண் (அலுவலகக் கோப்பின் எண்), நாள். அடுத்து "பொருள்". அதன்கீழ் "பார்வை". கடைசியில் கையெழுத்து, அதற்கும் கீழே "நகல்".

பொருளை எல்லோரும் படிப்போம். பார்வையை யாரும் படிப்பதில்லை. எந்த அரசாணையின்படி, எந்த முந்தைய கடிதத்தின்படி இந்த அறிவிப்பு வந்தது என்பது அங்கேதான் இருக்கிறது. "பார்வையில் காணும் கடிதத்தின்படி தகுதியுள்ள மாணவர்கள்" என்று எழுதியிருந்தால், தகுதி என்ன என்பது அந்தக் கடிதத்தில்தான் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படிக்க உங்களுக்கு உரிமை உண்டு. நகல் பகுதி, இந்த வேலை யார் மேஜையில் இருக்கிறது என்று காட்டும். "உதவித்தொகைப் பிரிவு எழுத்தர்" என்று இருந்தால் நேரே அவரிடம் போகலாம். முதல்வர் அறை வாசலில் அரைநாள் நிற்க வேண்டியதில்லை.

படி 3: கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் படியை வையுங்கள். அறிவிப்பில் இருக்கும் கடைசி நாள் அலுவலகத்துக்கான கடைசி நாள். உங்களுடையது அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே வந்துவிடும்.

கடைசி நாள் அக்டோபர் 31 என்று வைத்துக்கொள்வோம். மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளம் போன்றவற்றில் நீங்கள் விண்ணப்பித்ததும் வேலை முடிவதில்லை. கல்லூரியில் அதற்கென்று பொறுப்பான ஒருவர் சரிபார்த்து அனுப்ப வேண்டும். அவர் கையில் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் இருக்கும். ஆக அக்டோபர் 20க்குள் உங்களுடையது அவரிடம் இருப்பது நல்லது. போனஃபைடு சான்றிதழுக்கு (நீங்கள் இந்தக் கல்லூரி மாணவர்தான் என்று தரும் சான்று) வகுப்பு ஆசிரியர், எச்ஓடி (துறைத் தலைவர்), அலுவலகம் என்று கையெழுத்து ஏறி இறங்க ஒரு வாரம். இப்போது அக்டோபர் 13.

அடுத்தது வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் முதன்முறை விண்ணப்பிப்பவருக்கு கேன் எண் (இ-சேவையில் உங்களுக்கான பதிவு எண்) உருவாக்க வேண்டும். பிறகு விண்ணப்பம் விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) வழியாக மேலே போய் ஒப்புதலாகி வரும். இடையில் ஒருவர் விடுப்பில் போனால் அங்கேயே நிற்கும். இரண்டு வாரமாவது வையுங்கள். செப்டம்பர் கடைசிக்கு வந்துவிட்டோம். அறிவிப்போ அக்டோபர் முதல் வாரத்தில்தான் பலகைக்கு வரும்!

அதனால் அறிவிப்புக்குக் காத்திராமல் ஜூலையிலேயே சான்றிதழ்களை எடுத்துவிடுங்கள். சாதிச் சான்றிதழை ஒருமுறை எடுத்தால் போதும். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும், ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எடுக்க வேண்டும். குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வரும் முதல் ஆள் நீங்கள் என்று காட்டும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குத் தகுதி இருந்தால் அதையும் கூடவே விண்ணப்பித்துவிடுங்கள்.

அடுத்து பெயர். ஆதாரில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கூட்டு, மதிப்பெண் பட்டியலில் வேறு, பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். நம் ஊர்ப் பெயர்களுக்கு இது தீராத தொல்லை. மூன்றையும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி ஆதாரைத் திருத்துவது எளிது.

வங்கியில் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்போம். அது போதாது. அரசுப் பணம் வர, அந்தக் கணக்கு என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணம் செல்வதைக் கவனிக்கும் தேசிய நிறுவனம்) பதிவில் உங்கள் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். இரண்டு வங்கிகளில் கணக்கு இருந்தால் கடைசியாக இணைத்ததற்கே பணம் போகும். "பணம் வரலை" என்று அழுதுகொண்டு வரும் பிள்ளைகளில் பலருக்கு, யாரும் தொடாத பழைய பள்ளிக்கூடக் கணக்கில் பணம் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். வங்கிக்குப் போய், "என் ஆதாருக்கு டிபிடி பணம் எந்தக் கணக்குக்கு வரும்?" என்று கேளுங்கள். டிபிடி என்றால் அரசு நேரடியாகக் கணக்கில் போடும் பணம்.

6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள், மாணவிகளானால் புதுமைப்பெண், மாணவர்களானால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறலாம். முதலாவது 2022 செப்டம்பர் 5 அன்றும் இரண்டாவது 2024 ஆகஸ்ட் 9 அன்றும் தொடங்கின. விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகும். சேர்ந்த மாதத்திலேயே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

படி 4: நிகழ்ச்சிக்குப் போகும் முன் ஓடி (ஆன் டியூட்டி) கடிதம்

சென்னை ஐஐடியின் தொழில்நுட்ப விழா சாஸ்த்ராவும் கலை விழா சாரங்கும் ஜனவரியில் நடக்கும். திருச்சி என்ஐடியின் கலை விழா ஃபெஸ்டம்பர், பெயருக்கேற்ப, செப்டம்பர் வாக்கில். வெளிக்கல்லூரி மாணவர்களும் கலந்துகொள்ளலாம். தயங்காமல் போங்கள். பரிசு கிடைக்காவிட்டாலும், மற்ற கல்லூரிகளில் உங்கள் வயதுப் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதே பெரிய படிப்பு.

ஆனால் விழாவுக்குப் போன நாட்களை அட்டெண்டன்ஸில் சேர்க்க வைக்கும் ஓடி கடிதத்தைப் போய்வந்த பிறகு கேட்காதீர்கள். அழைப்பிதழ் நகலை இணைத்து, வகுப்பு ஆசிரியரிடமும் எச்ஓடியிடமும் முன்கூட்டியே கையெழுத்து வாங்குங்கள். திரும்பியதும் பங்கேற்புச் சான்றிதழின் நகலைக் கொடுங்கள். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதே சிக்கலாகும். மூன்று நாள் விழாவுக்காக ஒரு செமஸ்டரை இழந்தவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு.

படி 5: வாய்ப்பு வந்தால் இரண்டு கேள்வி

முதல் கேள்வி: எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? கோடை விடுமுறையில் ஆராய்ச்சிப் பயிற்சி வேண்டுமானால் கோடையில் தேடக்கூடாது. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சித் திட்டத்துக்கு முந்தைய ஆண்டின் மழைக்காலத்திலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். அதற்கு உங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் ஒரு சந்தேகம் கேட்டுப் பழகுங்கள்.

இரண்டாவது கேள்வி: பணம் கேட்கிறார்களா? வேலைக்கோ இன்டர்ன்ஷிப்புக்கோ "ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம்", "லேப்டாப் டெபாசிட்" என்று கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். டெலிகிராமில் வந்த ஆஃபர் லெட்டரை பிளேஸ்மென்ட் அதிகாரியிடம் காட்டி, அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அந்தப் பணி இருக்கிறதா என்று பாருங்கள். இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறோம்" என்று கேட்பார்கள். சீனியரே வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள். மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால் போலீஸ் முதலில் தட்டும் கதவு உங்களுடையது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930ஐ அழையுங்கள். நேரம் போகப் போகப் பணத்தை முடக்குவது கடினம்.

படி 6: பாதுகாப்பு அறிவிப்பை அமைதியான நாளில் வாசியுங்கள்

பலகையின் மூலையில் மங்கிப்போய் ஒரு தாள் இருக்கும்: ராகிங் தடுப்புக் குழு, உள்ளகப் புகார்க் குழு, உறுப்பினர் பெயர்கள், எண்கள். அதை இன்றே படமெடுத்து, எண்களைப் போனில் சேமியுங்கள். அவசரத்தில் தேடினால் கிடைக்காது.

1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. "இன்ட்ரோதானே, சும்மா விளையாட்டு" என்று சொல்லிக்கொண்டு உங்களை அவமானப்படுத்தினால் அதுவும் ராகிங்தான். 1800-180-5522 என்ற எண் நாடு முழுவதற்கும் 24 மணி நேரமும் இயங்குகிறது.

பாலியல் தொல்லை என்றால் உள்ளகப் புகார்க் குழுவுக்கு எழுத்தில் கொடுக்க, நடந்த நாளிலிருந்து மூன்று மாதம் உண்டு. குழுவின் தலைவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும். காவல் நிலையத்துக்கு நேரே போகவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. "இது எங்கள் எல்லை இல்லை" என்று எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது.

2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமையை நாம் எல்லோரும் அறிவோம். அந்தப் பெண் உடனே புகார் கொடுத்தார். ஆறு மாதத்துக்குள், 2025 ஜூன் 2 அன்று, குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டு சிறையில் இருக்கும்படி ஆயுள் தண்டனை வந்தது. இடையில் அந்த மாணவியின் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை போன் போனாகப் பரவியது. அதைப் பரப்பிய ஒவ்வொரு விரலும் அந்தப் பெண்ணை இரண்டாம் முறை காயப்படுத்தியது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படியும் குற்றம். அப்படி ஒன்று உங்கள் குழுவில் வந்தால் அழியுங்கள், அனுப்பியவரிடமும் அழிக்கச் சொல்லுங்கள்.

மழை அறிவிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை விடுமுறைப் படங்கள் வாட்ஸ்அப்பில் கொட்டும். விடுமுறை அறிவிப்பது மாவட்ட ஆட்சியர். "பள்ளிகளுக்கு" என்று மட்டும் இருந்தால் கல்லூரி உண்டு. தேர்வைத் தள்ளிவைப்பது ஆட்சியர் இல்லை, பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். இரண்டையும் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

ஹாஸ்டலில் உங்கள் மாடியிலிருந்து இறங்க இரண்டாவது வழி எது, அந்தக் கிரில் கேட் இரவில் பூட்டியிருக்கிறதா என்று இன்றிரவே போய்ப் பாருங்கள். பூட்டியிருந்தால் வார்டனிடம் எழுத்தில் கொடுங்கள்.

மனசு கனமாக இருக்கும் இரவுகளுக்கு 14416. டெலி மானஸ் என்ற இலவச சேவை, தமிழில் பேசலாம். முதல் செமஸ்டரில் ஊர் நினைப்பும் அரியர் பயமும் சேர்ந்து அழுத்தாத பிள்ளை குறைவு. அந்த எண்ணை உங்கள் அறைத் தோழருக்கும் கொடுத்து வையுங்கள்.

படி 7: வீட்டுக்கு ஒரு தாள்

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு வெள்ளைத் தாளில் துறை அலுவலக எண், வார்டன் எண், அறைத் தோழர் எண், உங்கள் ரத்த வகை, அவசரத்துக்கு 112 ஆகியவற்றை எழுதி எடுத்துப் போங்கள். போனில் அனுப்பினால் பத்தாது, சார்ஜ் இல்லாத நேரத்தில்தான் தேவைப்படும். காலண்டர் மாட்டியிருக்கும் ஆணியிலேயே அதையும் மாட்டுங்கள். எண்களைப் பெரிதாக எழுதுங்கள், அம்மா கண்ணாடி தேடாமல் படிக்க வேண்டும்.