தனியாக ஜப்பானிய மொழி கற்க: புத்தகத்தையும் செயலியையும் சோதித்துத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஜப்பானிய மொழியைச் சொந்தமாகப் படிக்க நினைப்பவருக்கு இன்று பாடங்களுக்குப் பஞ்சமில்லை. பாடநூல்கள், செயலிகள், யூடியூப் வகுப்புகள், இலவச பிடிஎஃப்கள் என்று குவிந்து கிடக்கின்றன. அவற்றில் எது நமக்கு ஒத்துவரும் என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். நட்சத்திர மதிப்பீடு அதற்கு உதவாது. ஆங்கிலத்தில் கிடைக்கும் பாடங்களும் அவற்றுக்கான விமர்சனங்களும் ஆங்கிலம் பேசுகிறவரை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. அவருக்கு மலையாகத் தெரிவது தமிழ் பேசுகிற நமக்குச் சாதாரணம். அவர் யோசிக்காமல் தாண்டிப் போகிற இடத்தில் நாம் மாட்டிக்கொள்வோம்.

ஆசிரியர் இருந்தால் பாடம் சரியில்லாவிட்டாலும் அவர் சமாளித்துவிடுவார். தனியாகப் படிப்பவருக்குப் பாடம்தான் ஆசிரியர். அதனால் பணமும் மாதங்களும் செலவழிக்கும் முன், ஒரே ஒரு பாடத்தை எடுத்துக் கையால் செய்து சோதியுங்கள். ஒரு புத்தகத்துக்கோ செயலிக்கோ ஒரு மாலைப்பொழுது போதும்.

படி 1: எதற்காகப் படிக்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

ஜப்பானில் வேலை செய்யப் போகிறவர், சான்றிதழ் வேண்டுபவர், அனிமே பார்த்து ஆசை வந்தவர் என்று மூன்று பேரை வைத்துக்கொள்வோம். மூவருக்கும் ஒரே புத்தகம் பொருந்தாது.

சான்றிதழ் என்றால் பெரும்பாலானவர்கள் சொல்வது ஜேஎல்பிடி, அதாவது ஜப்பானிய மொழித் திறன் தேர்வு. 1984இல் தொடங்கிய தேர்வு இது. 2010 முதல் எளிதான என்5இல் தொடங்கி மிகக் கடினமான என்1 வரை ஐந்து நிலைகள். இந்தியாவில் ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது, சென்னையிலும் எழுதலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: இந்தத் தேர்வில் பேச்சுப் பகுதி கிடையாது, கட்டுரை எழுதும் பகுதியும் கிடையாது. படித்தும் கேட்டும் சரியான விடையைக் குறித்தால் போதும். ஆகவே தேர்வுக்கென்றே தயாரித்த புத்தகத்தை மட்டும் படித்தவர் என்4 தேறிய பிறகும் கடையில் ஒரு பொருளைக் கேட்டு வாங்கத் திணறலாம். வேலைக்குப் போகிறவர் பேசப் பழக்கும் பாடத்தைத்தான் முதன்மையாக வைத்துக்கொள்ள வேண்டும். ஜப்பானிய மொழியைப் பரப்பும் அமைப்பான ஜப்பான் ஃபவுண்டேஷன் இலவசமாகத் தரும் 'இரோதொரி' பாடநூல் அந்த நோக்கத்துக்காகவே செய்யப்பட்டது. பாடமும் ஒலிப்பதிவும் அவர்கள் தளத்திலேயே கிடைக்கும். 'இதைப் படித்தால் இன்னது செய்ய முடியும்' என்ற இலக்கோடுதான் ஒவ்வொரு பாடமும் தொடங்குகிறது.

விளம்பரங்களை அளந்து பார்க்க இரண்டு தகவல்களை நினைவில் வையுங்கள்.

2010க்குப் பிறகு ஜேஎல்பிடி நடத்துபவர்கள் சொற்பட்டியல், கன்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்) பட்டியல், இலக்கணப் பட்டியல் எதையும் வெளியிடுவதில்லை. 'அதிகாரபூர்வ என்5 சொற்கள்' என்று ஒரு புத்தகமோ செயலியோ போட்டிருந்தால் அது உண்மையில்லை. யாரோ பழைய பட்டியலையும் பழைய வினாக்களையும் வைத்துத் தொகுத்திருக்கிறார்கள். தொகுப்பு பயன்படலாம், ஆனால் அந்த 'அதிகாரபூர்வ' என்ற சொல்லைப் பார்த்ததுமே மற்ற உரிமைகோரல்களையும் சந்தேகியுங்கள். மாதிரி வினாக்கள் மட்டும் தேர்வின் தளத்திலேயே இலவசமாக உள்ளன.

இன்னொன்று: அமெரிக்க அரசின் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனம், ஆங்கிலம் பேசுபவர் ஜப்பானிய மொழியில் தொழில்முறைத் தேர்ச்சி பெறச் சுமார் 2200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறது. தமிழருக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது. ஆனாலும் 'ஒரே மாதத்தில் சரளமாகப் பேசலாம்' என்று யாராவது சொன்னால், அடுத்த பாடத்தைப் பார்க்கப் போய்விடலாம்.

படி 2: ஒலியையும் எழுத்தையும் எப்படித் தருகிறது என்று பாருங்கள்

தமிழ் வழியாக ஜப்பானிய மொழி கற்றுத்தரும் பாடங்கள் சில உள்ளன. அவற்றை ஆசையோடு தேடுவோம், அது இயல்புதான். ஆனால் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் மட்டும் தரும் பாடத்தை வாங்காதீர்கள். தங்கத்தையும் வெள்ளியையும் குறிக்கும் ஜப்பானியச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'கின்' என்றுதான் வரும். தங்கத்துக்கான சொல் 'கல்' என்பதில் வரும் க ஒலியோடு தொடங்குகிறது. வெள்ளிக்கான சொல் 'சங்கு' என்பதில் வரும் மெல்லிய க ஒலியோடு தொடங்குகிறது. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே க. த, ப வரிசைகளிலும் இதே சிக்கல். (இந்தக் கட்டுரையிலும் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். அடையாளத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, உச்சரிப்பை ஒலிப்பதிவில் கேளுங்கள்.)

ஆங்கில எழுத்தில் தருபவற்றில் வேறொரு குறை. மாமாவை, அதாவது பெரியப்பா சித்தப்பா வயதுக்காரரை, 'ஒஜிஸன்' என்பார்கள். தாத்தா 'ஒஜீஸன்'. குறிலும் நெடிலும்தான் வேறுபாடு. ஆங்கில எழுத்தில் பல பாடங்கள் அந்த நீட்டலைக் குறிக்காமலே விட்டுவிடுகின்றன. டோக்கியோ என்ற ஊர்ப்பெயரில்கூட இரண்டு ஓகாரமும் நெடில் என்பது ஆங்கில எழுத்தில் தெரிவதில்லை. குறில் நெடிலும், ஒற்று இரட்டிப்பதும் தமிழ்க் காதுக்குப் பழகியவை. நமக்குக் கையில் இருக்கிற இந்தப் பலத்தைக் கெடுக்கிற பாடம் நமக்கு வேண்டாம்.

சோதனை எளிது. முதல் சில பாடங்களுக்குள் ஹிரகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்துக்கு மாறிவிடுகிறதா என்று புரட்டிப் பாருங்கள். அடிப்படை எழுத்துகள் 46தான், கதகானா என்ற இன்னொரு ஒலியெழுத்து வரிசையிலும் அதே 46. இரண்டு மூன்று வாரத்தில் பிடித்துவிடலாம். பத்தாவது பாடத்திலும் ஆங்கில எழுத்து ஓடிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். அப்புறம் ஒலிப்பதிவு: மேலே சொன்ன இரண்டு ஜோடிகளையும் கேளுங்கள். பேசுபவர் ஜப்பானியரா, இயந்திரக் குரலா, வேறுபாடு தெளிவாகக் கேட்கிறதா? ஒலிப்பதிவே இல்லாத புத்தகம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் தொடக்கக்காரருக்கு ஆகாது.

படி 3: 'தெ' வடிவப் பாடத்தைத் திறந்து படியுங்கள்

எல்லாப் புத்தகங்களிலும் முதல் பாடம் அழகாகத்தான் இருக்கும். பெயர் சொல்வது, வணக்கம் சொல்வது. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வினைச்சொல்லின் 'தெ' வடிவத்தை விளக்கும் பாடத்துக்கு நேராகப் போங்கள். பரவலாகப் பயன்படும் பாடநூல்களான 'மின்னா நொ நிஹொங்கோ'வில் அது 14ஆம் பாடம், 'ஜென்கி'யில் 6ஆம் பாடம்.

ஏன் இந்தப் பாடம்? ஜப்பானிய வாக்கியத்தின் முதுகெலும்பு இது. நமக்கோ இது ஏற்கெனவே தெரிந்த விஷயம்: நம் வினையெச்சம். 'தபெதெ' என்றால் 'சாப்பிட்டு'. அதோடு 'பார்' என்று பொருள்படும் 'மிரு'வைச் சேர்த்தால் 'தபெதெ மிரு', அதாவது 'சாப்பிட்டுப் பார்'. 'வை' என்று பொருள்படும் 'ஒகு'வைச் சேர்த்து 'கத்தெ ஒகு' என்றால் 'வாங்கி வை'. 'வா'வைக் குறிக்கும் 'குரு' சேர்ந்து 'கத்தெ குரு' என்றால் 'வாங்கிட்டு வா'. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர் இவை ஒவ்வொன்றையும் தனி விதியாக மனப்பாடம் செய்ய வேண்டும். நாம் சொல்லுக்குச் சொல் மாற்றினாலே பெரும்பாலும் வாக்கியம் வந்துவிடுகிறது. 'நான் வாங்கின புத்தகம்' என்பதன் சொல் வரிசையும் ஜப்பானிய மொழியில் அப்படியேதான்.

(தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு மொழிகள் என்று ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமைப்பில் இவ்வளவு ஒற்றுமை இருப்பது நமக்கு லாபம்.)

இந்தப் பாடத்தைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு தாளை வைத்து ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் தமிழில் எழுதுங்கள். பிறகு இரண்டு விஷயங்களைப் பாருங்கள். விளக்கம் எத்தனை பக்கம், எடுத்துக்காட்டு எத்தனை? நமக்கு இங்கே நீண்ட விளக்கம் தேவையில்லை, நிறைய வாக்கியங்களும் பயிற்சியும்தான் தேவை. அதே புத்தகத்தில் 'வ', 'க' என்ற இரண்டு உருபுகளை எப்படி விளக்கியிருக்கிறார்கள் என்றும் தேடிப் படியுங்கள். எழுவாயோடு வரும் இந்த இரண்டுக்கும் தமிழில் நேரான இணை இல்லை, நாம் உண்மையில் தடுமாறப்போவது அங்கேதான். ஒரே வாக்கியத்தை இரண்டு உருபோடும் தந்து, எந்தக் கேள்விக்கு எது பதிலாக வரும் என்று காட்டுகிற புத்தகம் நமக்கு உதவும். 'வ' என்றால் எழுவாய் என்று ஒரு வரியில் முடிக்கிற புத்தகம் உதவாது.

படி 4: கன்ஜியைச் சொல்லுக்குள் வைத்துத் தருகிறதா?

ஜப்பான் அரசு பொதுப் பயன்பாட்டுக்கென 2010இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2136 கன்ஜி எழுத்துகள் உள்ளன. எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம், தொடக்கத்தில் நூறு போதும். உண்மையான சிக்கல், ஒரே எழுத்துக்குப் பல வாசிப்புகள் இருப்பது. ஞாயிற்றுக்கிழமைக்கான சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: 'நிச்சியோபி'. மூன்று கன்ஜிகளில் முதலும் கடைசியும் ஒரே எழுத்து. முதலில் வரும்போது 'நிச்சி', கடைசியில் வரும்போது 'பி'. இந்த ஒரு சொல்லைத் தேடிப் பார்த்தாலே பாடத்தின் தரம் தெரிந்துவிடும். எழுத்தைத் தனியாகக் காட்டி வாசிப்புகளை வரிசையாக மனப்பாடம் செய்யச் சொல்கிறதா, இல்லை பயன்படும் சொற்களோடு தருகிறதா? பின்னதைத் தேர்ந்தெடுங்கள்.

படி 5: உங்கள் கை எவ்வளவு வேலை செய்கிறது?

டுவோலிங்கோ போன்ற செயலிகளில் சொற்கட்டங்களைத் தட்டி வரிசைப்படுத்தும் பயிற்சிகள் அதிகம். விடை கண்ணெதிரே இருக்கும், நாம் அடையாளம் கண்டுகொள்கிறோம். தினமும் உட்கார வைக்கிற பழக்கத்துக்கு அது நல்லதுதான். ஆனால் வெற்றுத்தாளில் ஒரு வாக்கியத்தை நாமே உருவாக்குவது வேறு திறமை. பாடத்தை முடித்த மறுநாள், எதையும் பார்க்காமல் அதே அமைப்பில் ஐந்து வாக்கியம் எழுதுங்கள். இரண்டுகூட வரவில்லையா? அந்தப் பாடம் உங்களுக்கு வாசிக்க மட்டும் கற்றுத்தருகிறது.

விடைகள் எங்கே என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜென்கிக்குப் பயிற்சி நூலும் விடை நூலும் தனித்தனி. மின்னாவின் முதன்மை நூல் முழுக்க ஜப்பானிய மொழியில் இருக்கும், இலக்கண விளக்கமும் மொழிபெயர்ப்பும் தனி நூல். ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு முழிக்காமல், தேவைப்படும் எல்லாவற்றின் விலையையும் கூட்டிப் பாருங்கள். இரண்டுமே வகுப்பறைகளில் பரவலாகப் பயன்படுபவை. இருவர் பேசிச் செய்ய வேண்டிய பயிற்சிகளை நீங்கள் இரண்டு பக்கமும் பேசிச் செய்ய வேண்டியிருக்கும். முடிந்தால் முதலில் நூலகத்திலோ படித்து முடித்தவரிடமோ வாங்கிப் பாருங்கள்.

படி 6: பிழை தேடுங்கள்

பாடத்திலிருந்து ஏதாவது பத்து சொற்களை எடுத்து ஜிஷோ போன்ற இணைய அகராதியில் ஒப்பிடுங்கள். புகழ்பெற்ற பதிப்பகத்தின் நூலுக்கு இது அவ்வளவாகத் தேவையில்லை. யாரோ ஏற்றிய பிடிஎஃப்புக்கும், அன்கி என்ற நினைவு அட்டைச் செயலியில் மற்றவர்கள் பகிரும் சொல் அட்டைகளுக்கும் கட்டாயம் தேவை. அன்கி அருமையான கருவி, கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஆனால் அதில் உள்ள அட்டைகளின் தரம் அவற்றைச் செய்தவரைப் பொறுத்தது.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் வாக்கியத்தைத் திருத்தச் சொல்லலாம், பேசிப் பழகலாம். முதன்மைப் பாடமாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். தவறான விளக்கத்தையும் அதே உறுதியோடு சொல்லும், அதைக் கண்டுபிடிக்கும் நிலையில் தொடக்கக்காரர் இருக்க மாட்டார். உங்கள் புத்தகத்தில் ஏற்கெனவே படித்த ஒரு விதியைக் கேட்டு, பதில் ஒத்துப்போகிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

படி 7: மூன்றோடு நிறுத்துங்கள்

வரிசையாகப் படிக்க ஒரு முதன்மைப் பாடம், காதுக்கு ஒன்று, மறக்காமலிருக்க ஒன்று. உதாரணமாக ஜென்கி அல்லது இரோதொரி, ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் என்எச்கே வேர்ல்டு தரும் இலவச ஒலிப்பாடங்கள், அன்கி. வேறு ஏதாவது நன்றாகத் தெரிந்தால் பெயரைக் குறித்து வையுங்கள், திறக்க வேண்டாம்.

ஒரு மாதம் கழித்து ஒரு மணி நேரம் ஒதுக்கி, அன்றைய உங்கள் நாளைப் பற்றி எட்டு வாக்கியம் எழுதிச் சத்தமாகப் படித்துப் பதிவு செய்யுங்கள். சொற்கள் வரவில்லை என்றால் அன்கி நேரத்தைக் கூட்டுங்கள். சொல் வருகிறது, உருபு தடுமாறுகிறது என்றால் புத்தகத்தில் பயிற்சிகளைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள், திரும்பிப் போய்ச் செய்யுங்கள். எழுத வருகிறது, ஆனால் பதிவில் உங்கள் குரல் பாடத்தின் குரலோடு ஒட்டவில்லை என்றால் கேட்கும் பாடம் போதவில்லை, அதை மாற்றுங்கள். மூன்றும் சரியில்லை, மாதம் முழுவதும் ஒழுங்காக உட்கார்ந்தும் இந்த நிலை என்றால் மட்டும் முதன்மைப் பாடத்தை மாற்றலாம். அப்போதும் இரண்டாம் படியிலிருந்து சோதித்துவிட்டே புதியதை எடுங்கள்.