மலிவு வினையூக்கி: ஆய்வகத்தில் ஏமாற்றும் எண்கள்

மின்சாரத்தால் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க, பிளாட்டினத்துக்கு நிகரான மலிவு வினையூக்கி (வினையை விரைவாக்கும் பொருள்) செய்துவிட்டோம் என்று சொல்லும் ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. படிக்கும்போது எனக்கு முதலில் எழும் கேள்வி, மறுமுனையில் என்ன கம்பி போட்டார்கள் என்பதுதான்.

ஹைட்ரஜன் வெளிவரும் வினையைச் சோதிக்கையில் மறுமுனை நேர்மின்வாயாகிறது. அங்கே பிளாட்டினக் கம்பி இருந்தால் அது மெல்லக் கரையும். கரைந்தது நீங்கள் சோதிக்கும் மலிவு வினையூக்கியின்மேல், அதாவது உங்கள் நிக்கல் பூச்சின்மேல், வந்து படியும். சோதனைச் சுற்றுகள் ஏற ஏறச் செயல்திறன் கூடுகிறதா? மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். உழைப்பு பிளாட்டினத்துடையது, பெயர் நிக்கலுக்கு! கிராஃபைட் தண்டைப் போட்டு, நடுவே சவ்வும் வைத்து மறுபடி அளந்து பாருங்கள்.

ஆக்சிஜன் பக்கம் இதைவிட நுட்பமான திருடன் இரும்பு. கலத்தில் ஊற்றும் காரக் கரைசலுக்காகக் கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அது மாசாகவே இருக்கும். நிக்கல் ஹைட்ராக்சைடு அதை உறிஞ்சிக்கொண்டு வீரியம் பெறும். இரும்பு நீக்கிய கரைசலில் தூய நிக்கல் எவ்வளவு மந்தமானது என்பதை 2014இல் ஓரிகன் பல்கலைக்கழகக் குழு தெளிவாகக் காட்டியது. ஆகவே புதிய வீழ்படிவான நிக்கல் ஹைட்ராக்சைடைக் கரைசலில் கலக்கி, இரும்பை அதில் ஏற்றி, தெளிந்ததை மட்டும் எடுத்துப் பயன்படுத்துங்கள். கண்ணாடிக் கலமும் வேண்டாம். காரம் கண்ணாடியை அரித்து மேலும் மாசு சேர்க்கும். பிளாஸ்டிக் கலமே நல்லது.

நிக்கல் நுரையில் (துளைகள் நிறைந்த நிக்கல் உலோகத்தில்) வினையூக்கியைப் பூசியவர்கள் வெறும் நுரையையும் அளந்து பக்கத்தில் காட்ட வேண்டும். 1.4 வோல்ட்டுக்கு அருகில் தெரியும் மின்னோட்டம் பெரும்பாலும் நிக்கலே ஆக்சிஜனேற்றம் அடைவதால் வருவது. அதை ஆக்சிஜன் கணக்கில் சேர்ப்பது கள்ளக் கணக்கு.

இதில் இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்கலாம். நீரைப் பிரிக்கத் தேவையான மின்னழுத்தத்தில் 0.1 வோல்ட் மிச்சமானால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 2.7 யூனிட் மின்சாரம் மிச்சம். ஆனால் சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லி ஆம்பியரில், அறை வெப்பநிலையில், ஒரு நாள் ஓட்டிக் கிடைத்த 0.1 வோல்ட்டை ஆலைக்காரர் நம்பமாட்டார். அவருடைய கலம் 70, 80 டிகிரியில், அடர்ந்த காரத்தில், பல மடங்கு மின்னோட்டத்தில் ஆண்டுக்கணக்காக ஓட வேண்டும். சூரிய மின்சாரத்தில் இயங்கினால் மாலையில் நின்று காலையில் எழும். நிற்கும் வேளையில் மின்னோட்டம் திசைமாறிப் பாய்ந்து எதிர்மின்வாய்ப் பூச்சைக் கெடுக்கும். நிறுத்தி நிறுத்தி ஓட்டிய சோதனையின் வரைபடத்தைத்தான் அவர் முதலில் கேட்பார்.