பெர்ரிப் பழம்: எப்போது வாங்குவது, எப்படிப் பார்ப்பது, எப்படி வைப்பது

மாங்காயை வாங்கி வீட்டில் பழுக்க வைத்துவிடலாம். ஸ்ட்ராபெர்ரியில் அது நடக்காது. பறித்த பிறகு நிறம் கொஞ்சம் ஏறும், இனிப்பு ஏறாது. புளூபெர்ரியும் பறித்த பின் நீலமாகும், புளிப்பு சற்றுத் தணியும், சர்க்கரை மட்டும் கூடாது. ஆகவே எந்தப் பருவத்தில் பறித்தது, பறித்ததும் எவ்வளவு சீக்கிரம் குளிரில் வைத்தது என்ற இரண்டும்தான் ருசியை முடிவு செய்கின்றன.

1. லேபிளில் நாட்டையும் மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள்

வட அரைக்கோளத்தில் புளூபெர்ரி சீசன் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை. அது ஓயும்போது பெரு நாட்டுப் பழம் வரும், அதற்குப் பின்னால் சிலி நாட்டுப் பழம், ஏறத்தாழ பிப்ரவரி வரை. அமெரிக்க ஸ்ட்ராபெர்ரி குளிர்காலத்தில் ஃபுளோரிடாவிலிருந்தும், வசந்தத்தில் பெருவாரியாகக் கலிஃபோர்னியாவிலிருந்தும் வருகிறது.

ஒரு நாட்டின் சீசன் நடுப்பகுதியில் இருக்கும்போது வாங்குவது நல்லது. ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் இடைவெளியில், கடைசிப் பறிப்புப் பழமும் குளிர்கிடங்கில் நாள்பட்ட பழமும் கலந்து வரும். விலை கூடி ருசி குறைவது அப்போதுதான். வெயில் கடுமையானாலும் ஸ்ட்ராபெர்ரி அவசரமாகப் பழுத்து, சிறுத்து, மெத்தென்று ஆகிவிடும். மிதமான குளிரில் நிதானமாகப் பழுத்ததே இனிக்கும்.

2. டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள்

மேல் வரிசையை நம்ப வேண்டாம், அது அடுக்கி வைத்தது. அடியில் சாறு கசிந்த கறை இருந்தால் வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள். சாம்பல் நிறப் பஞ்சு போல ஒரு பழத்தில் இருந்தாலும் அப்படியே. அது போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை. ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளர்ந்து பக்கத்துப் பழத்துக்குத் தொற்றும். பூக்கும் சமயத்தில் மழை பெய்த தோட்டத்துப் பழத்தில் இது அதிகம்.

ஸ்ட்ராபெர்ரியில் காம்படி வரை சிவப்பு ஏறியிருக்க வேண்டும், இலை பச்சையாக நிமிர்ந்திருக்க வேண்டும். காம்பருகே வெள்ளையாக இருந்தால் முன்கூட்டியே பறித்தது. அளவு பெரிதாக இருப்பது இனிப்புக்கு அடையாளமல்ல. மூடியருகே முகர்ந்து பாருங்கள், மணம் வர வேண்டும்.

புளூபெர்ரி டப்பாவை லேசாக ஆட்டினால் பழங்கள் தனித்தனியாக உருள வேண்டும். மேலே படிந்திருக்கும் வெண்ணிறப் பூச்சு மருந்தல்ல, பழத்தின் சொந்த மெழுகு. அது கலையாமல் இருந்தால் கை அதிகம் படவில்லை என்று அர்த்தம். காம்பிருந்த இடத்தில் சிவப்பு வளையம் தெரிந்தால் புளிக்கும்.

பிளாக்பெர்ரியில் ஆங்காங்கே சிவந்த மணிகள் தெரிந்தால் காய் என்று ஒதுக்காதீர்கள். வெயிலில் பறித்துச் சட்டென்று குளிரவைத்தால் கறுத்த மணிகூட அப்படிச் சிவக்கும்.

3. வீட்டுக்கு வந்ததும் டப்பாவைப் பிரியுங்கள், கழுவாதீர்கள்

நசுங்கியதையும் பூஞ்சை பிடித்ததையும் எடுத்துவிட்டு, அகலமான பாத்திரத்தில் காகிதத் துண்டு விரித்து ஒரே அடுக்காகப் பரப்புங்கள். மூடியை இறுக்க வேண்டாம், நீர் கோத்துக்கொள்ளும். பெர்ரிக்கு ஏற்ற குளிர் 0 டிகிரி செல்சியஸ். வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் ஓடுவதால் ஆயுளும் குறையும். ராஸ்பெர்ரி 2 நாள், ஸ்ட்ராபெர்ரி 3 நாள், புளூபெர்ரி ஒரு வாரத்துக்கு மேல் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். சாப்பிடும் நேரத்தில் ஓடும் தண்ணீரில் அலசினால் போதும். ஸ்ட்ராபெர்ரியைக் காம்போடு அலசுங்கள். கிள்ளிவிட்டு அலசினால் உள்ளே நீர் ஏறிச் சப்பென்றாகும்.

4. சீசன் இல்லாதபோது

ஸ்மூத்திக்கும் ஜாமுக்கும் உறைந்த பழமே மேல், ஏனென்றால் அது நன்றாகப் பழுத்த பிறகு பறித்து உடனே உறையவைத்தது. நீங்களே செய்வதானால் அலசி, ஈரம் முழுக்கத் துடைத்து, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி மைனஸ் 18 டிகிரியில் கெட்டியாகும் வரை வையுங்கள். பிறகு பையில் போட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். நேரடியாகப் பையில் கொட்டினால் ஒரே கட்டியாகிவிடும், வேண்டிய அளவு எடுக்க முடியாது.