படபடப்புக்குக் காரணம் வால்வு

படுத்ததும் ஒரு துடிப்பு தவறி, அடுத்தது தொண்டை வரை எகிறும். கை சில்லிட்டுப் போகும். டென்ஷன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்ததும் தெரிந்தது, மைட்ரல் வால்வு புரொலாப்ஸ். இதயம் சுருங்கும்போது இடப்பக்க இரு அறைகளுக்கு நடுவே உள்ள இந்த வால்வின் இதழ்கள் இடது மேலறைப் பக்கம் பிதுங்குகின்றன. நூற்றில் 2, 3 பேருக்கு இருக்குமாம்; பெரும்பாலும் ஆபத்தில்லை. எனக்கு வால்வு வழியே ரத்தம் பின்னால் கசிவதும் லேசுதான்.

24 மணி நேர ஹோல்டர் (உடம்பில் மாட்டிக்கொண்டு இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவி) பார்த்துவிட்டு டாக்டர் குறைந்த அளவில் பீட்டா பிளாக்கர் (துடிப்பைத் தணிக்கும் மருந்து) கொடுத்தார். அதைவிட உதவியது தண்ணீர் என்பேன். வெயிலில் உடம்பில் நீர் குறைந்தால் உடனே படபடக்கும். சாயங்கால ஃபில்டர் காபியையும் விட்டாச்சு (அதுதான் பெரிய தியாகம்). இடது பக்கம் சாய்ந்தால் துடிப்பு அதிகம் தெரிகிறது, அதனால் வலது பக்கமாகப் படுக்கிறேன். எப்போதாவது எகிறினால் மூச்சை மெதுவாக விட்டபடி இருப்பேன், அடங்கிவிடும். மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் மட்டும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.