மூச்சு வாங்காம ஓடணும்னா முதல்ல தசைக்கு எரிபொருள் எப்படி போகுதுன்னு தெரிஞ்சுக்கோங்க

புதுசா ஓட ஆரம்பிக்கிறவங்க முக்காவாசி பேரு பண்ற தப்பு ஒண்ணுதான், எடுத்த எடுப்புலயே பாய்ஞ்சு ஓடிட்டு ரெண்டாவது நிமிஷத்துல முட்டில கைய ஊனி நின்னுடுவாங்க, அப்புறம் நமக்கு ஸ்டாமினாவே இல்லன்னு விட்டுடுவாங்க. ஸ்டாமினா அப்புறம், உடம்பு தயாராக நீங்க டைமே குடுக்கல.

தசை சுருங்கணும்னா ஏடிபி வேணும், அதாவது செல் நேரடியா செலவு பண்ற சக்தி மூலக்கூறு. நாம சாப்பிடுற மாவுச்சத்து, கொழுப்பு எல்லாம் கடைசில ஏடிபியா மாறினாத்தான் தசைக்கு ஆகும், ஆனா தசைல கையிருப்பா இருக்கிறது ரெண்டு மூணு செகண்டுக்குத்தான் காணும். அதனால செலவு பண்ணப் பண்ண புதுசா செஞ்சுக்கிட்டே இருக்கணும்.

மாடிப்படி வேகமா ஏறிப் பாருங்க. முதல் மாடி வரைக்கும் ஒண்ணுமே தெரியாது, அத கிரியேட்டின் பாஸ்பேட், அதாவது ஏடிபிய உடனே திரும்ப செஞ்சு தர்ற தசை கையிருப்பு, பாத்துக்குது, முழு வேகத்துல போனா சுமார் 10 செகண்ட் தாங்கும். மூணு நாலு மாடி போனா தொடை தீயா எரியும், மூச்சு இரைக்கும், அப்ப ஆக்ஸிஜனுக்குக் காத்திருக்காம கிளைக்கோஜன, அதாவது உடம்பு சேத்து வெச்ச குளுக்கோஸ, உடைச்சு ஓட்டிக்கிட்டு இருக்கு. அது சீக்கிரம் கிடைக்கும், ஆனா அந்த வழில ஒரு குளுக்கோஸ்ல இருந்து நிகரமா ரெண்டு மூணு ஏடிபிதான், அதையே ஆக்ஸிஜனோட எரிச்சா 30 பக்கம் வரும். அந்த நல்ல வழி முழுசா சூடு பிடிக்க ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். இதுதான் விஷயமே.

அதனால முதல் 10 நிமிஷம் வேக நடை, அப்புறம் மெதுவான ஓட்டம். ஓடும்போது முழு வாக்கியமா பேச முடியணும், ரெண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்குனா வேகத்த குறைங்க, வாட்ச்ச பாக்காதீங்க.

வெயிட் தூக்குறவங்களுக்கு கணக்கே வேற. கனமான செட் முடிச்சா 3 நிமிஷமாவது உக்காருங்க, ஏன்னா அரை நிமிஷத்துல கிரியேட்டின் பாஸ்பேட் பாதி அளவுதான் திரும்பி வரும். அவசரப்பட்டா அடுத்த செட்ல பாதிலயே கை விட்டுடும்.

மறுநாள் வர்ற வலிக்கு லாக்டிக் ஆசிட்தான் காரணம்னு இன்னமும் சொல்றாங்க, தயவுசெஞ்சு நம்பாதீங்க. உடம்புல அது லாக்டேட்டாத்தான் இருக்கும், அது ஒரு மணி நேரத்துக்குள்ள ரத்தத்துல பழைய அளவுக்கு வந்துடும், அதுமட்டுமில்ல இதயமே அத எரிபொருளா எடுத்துக்கும், கல்லீரல் அத மறுபடி குளுக்கோஸாவும் மாத்திடும்.

நீண்ட தூரம் ஓடுறவங்க கவனிங்க. தசைல சுமார் 400 கிராம், கல்லீரல்ல 100 கிராம், கிளைக்கோஜன் சேமிப்பு அவ்வளவுதான். நல்ல வேகத்துல ஒன்றரை ரெண்டு மணி நேரம் போனா காலி. கொழுப்பு நெறைய இருக்கேன்னா, இருக்கு, ஆனா அது மெதுவாத்தான் எரியும், வேகத்துக்கு ஈடு குடுக்காது, அதான் திடீர்னு கால் கல்லா கனக்குது. கை தசைல மிச்சம் இருந்தாலும் காலுக்குக் கடன் தராது, தசை சேத்து வெச்சத குளுக்கோஸா ரத்தத்துல திருப்பி விட அதுக்கு வழியே இல்ல, கல்லீரல்தான் விடும்.

அதனால ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஓடுறதா இருந்தா மணிக்கு 30ல இருந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ள போகணும், பசிக்கிறதுக்கு முன்னாடியே, அரை மணி நேரத்துலயே கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிங்க. பந்தயத்தன்னிக்கு முதல் தரமா எதையும் சாப்பிட்டுப் பாக்காதீங்க, வயிறு ஒத்துக்குதான்னு பயிற்சிலயே பாத்துடுங்க. இன்சுலின் போடுறவங்க மட்டும் ஓடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சுகர் செக் பண்ணுங்க, ஓடி முடிச்சு பல மணி நேரம் கழிச்சு, ராத்திரி தூக்கத்துலகூட அது இறங்கலாம்.