பவளத் தொட்டிக்கு லைட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் இடத்துக்குப் பஞ்சமில்லை. முகப்பிலோ, முற்றத்தைச் சுற்றிய வளவிலோ ஆறடித் தொட்டி தாராளமாக உட்காரும். அதனால் இங்கே பவளம் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதல் தொட்டியையே பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் தண்ணீர் மட்டுமே சுமார் 680 லிட்டர். “இவ்வளவு பெரிய தொட்டிக்கு இருப்பதிலேயே பெரிய லைட் வேண்டும்” என்று அடுத்ததாகக் கிளம்புவதில்தான் தவறு தொடங்குகிறது.

எந்தப் பவளம் வளர்க்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் லைட்டைப் பார்க்கவே கூடாது. பவளத்தின் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அதற்கு வேண்டிய சாப்பாட்டில் பெரும்பகுதியை அவைதான் ஒளியைக் கொண்டு தயாரித்துத் தருகின்றன. பாசிக்குப் பயன்படும் ஒளியை ‘பார்’ என்ற அளவில் சொல்வார்கள். மஷ்ரூம், ஜோவாந்தஸ், லெதர் போன்ற மென்பவளங்களுக்கு 50 முதல் 150 பார் போதும். கிளைகிளையாக வளரும் கடினப் பவளங்கள் 200க்கு மேல், சில 350 வரை கேட்கும். ஆனால் நம் நாட்டில் கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. மன்னார் வளைகுடாவிலிருந்து உயிரோடு எடுத்து வந்து தருகிறேன் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். ஆக, பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளில் இருக்கப்போவது மென்பவளம்தான். அதற்கு உச்ச சக்தி லைட் தேவையே இல்லை. லைட் குறைந்து போனதைவிட, கூடிப்போய்ச் செத்த பவளங்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வாட் கணக்கு. வாட் என்பது லைட் இழுக்கும் கரண்ட்; பவளத்துக்குப் போய்ச் சேரும் ஒளி அல்ல. அட்டையில் 165 வாட் என்று போட்டிருக்கும், மீட்டர் வைத்துப் பார்த்தால் அதைவிடக் குறைவாகத்தான் இழுக்கும். லூமன், லக்ஸ் கணக்கும் இங்கே உதவாது. அவை மனிதக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதைச் சொல்பவை. நம் கண் பச்சையைக் கூட்டிப் பார்க்கும், நீலத்தைக் குறைத்துப் பார்க்கும். பவளத்தின் பாசிக்கு முக்கியமாக வேண்டியது அந்த நீலம்தான், குறிப்பாக 450 நானோமீட்டரை ஒட்டிய பகுதி. போனில் லக்ஸ் ஆப் போட்டு அளந்துவிட்டு “வெளிச்சம் பத்தவில்லை” என்று கூட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பார் மீட்டர் விலை அதிகம். வாங்க வேண்டாம், வைத்திருப்பவரிடம் ஒரு நாள் இரவல் வாங்கினால் போதும். நன்னீர்ச் செடித் தொட்டிக்கான லைட்டை விலை குறைவென்று வாங்கிப் போடுவதும் வேண்டாம். அதில் சிவப்பு அதிகம். பாறையெல்லாம் பச்சைப் பாசி ஏறுவதற்குத்தான் வழி செய்யும்.

நம்மூரில் மட்டும் பார்க்கிற தவறு ஒன்று உண்டு. வளவு முற்றத்தில் வெயில் இறங்குகிறதே, அதன் ஓரத்தில் வைத்தால் லைட் செலவு மிச்சம் என்று நினைப்பது. நண்பகல் வெயில் கிட்டத்தட்ட 2000 பார். முற்றத்து வெயில் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. தையில் பட்ட இடம் வேறு, சித்திரையில் படும் இடம் வேறு. ஒரு மூலை வெந்துபோகும், மறு மூலை இருட்டில் கிடக்கும், தண்ணீரும் சூடாகும். தடித்த சுவரை ஒட்டி, நேர் வெயில் படாத பட்டாலை என்கிற கூடத்தின் ஓரமே நல்ல இடம்.

தொங்கவிடும் உயரத்திலும் கவனம் வேண்டும். விட்டம் உயரமாக இருக்கிறதே என்று பார்வைக்கு அழகாக மேலே தொங்கவிட்டால், பாதி ஒளி ஆத்தங்குடிக் கல் தரையில்தான் விழும். தண்ணீர் மட்டத்திலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் என்று வைத்துத் தொடங்குங்கள். ஒரு லைட் பொதுவாக இரண்டடிக்கு இரண்டடி இடத்தைத்தான் ஒழுங்காக மூடும். ஆறடிக்கு நடுவில் ஒரே ஒரு பெரிய லைட் போட்டால் நேர் கீழே சுடும், இரு ஓரமும் மங்கும். சுமாரான சக்தியில் மூன்று லைட் போடுவது அதைவிட எவ்வளவோ மேல்.

இனி, அதிகம் பேர் தடுக்கி விழும் இடம். புது லைட்டை முதல் நாளே முழு வெளிச்சத்தில் போடுவார்கள். பாசிகள் தாங்காது, பவளம் அவற்றை வெளியே தள்ளி வெளுத்துப்போகும். 30, 40 சதவீதத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் எரிந்தால் போதும்.

கூட்டிய பிறகு பவளத்தைப் பார்க்கத் தெரிய வேண்டும். லெதர் பவளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திடீரென்று ஒரு நாள் மேலிருக்கும் இழைகளையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, மெழுகு பூசியது போல வழவழவென்று நிற்கும். சில நாளில் அந்த மெல்லிய படலம் உரிந்து நீரோட்டத்தில் போய்விடும், இழைகள் மறுபடி விரியும். இது அதன் இயல்பு. அந்த நாட்களில் பயந்துபோய் லைட்டைக் கூட்டினால்தான் உண்மையான பிரச்சினை வரும். மஷ்ரூம் சுருங்கி நிறம் வெளிறினால் ஒளி அதிகம். தண்டு நீண்டு மேலே எக்கினாலோ, நிறம் மங்கிப் பழுப்பேறினாலோ குறைவு. எதை மாற்றினாலும் ஒரு வாரமாவது பொறுத்துப் பாருங்கள்.

கத்தரி வெயிலில் இன்னொரு கணக்கு. தண்ணீர் 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும். 30ஐத் தாண்டும்போது பலமான ஒளியும் சேர்ந்தால் பவளம் சீக்கிரம் வெளுக்கும். எல்இடியும் தன் பங்குக்குச் சூடேற்றும், பழைய மெட்டல் ஹாலைடு பல்பு இன்னும் மோசம். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கும் செலவை லைட் பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடுங்கள். லைட் நேரத்தை மதியத்திலிருந்து மாலை நாலு மணிக்குத் தள்ளுங்கள். பவளத்துக்கு எந்த நேரமானாலும் ஒன்றுதான். வீட்டில் எல்லோரும் இருக்கும்போது தொட்டியையும் பார்க்கலாம்.

பழைய வீட்டு வயரிங்கை நம்பி லைட் மாட்டாதீர்கள். உப்புநீர் தெறித்து லைட்டின் கண்ணாடியிலும் ஃபேனிலும் வெள்ளையாகப் படியும்; வாரம் ஒருமுறை கரண்டை அணைத்து ஈரத்துணியால் துடைக்க வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்து, கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டபிறகே தொட்டிக்குக் கரண்ட் கொடுங்கள். வயர் பிளக்குக்குப் போகுமுன் கீழே வளைந்து போகட்டும். வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கரண்ட் போனால் என்ன செய்வது? பலர் லைட்டை இன்வெர்ட்டரில் கொடுத்துவிட்டு, தண்ணீரை ஓட வைக்கும் வேவ்மேக்கரை விட்டுவிடுகிறார்கள். இது அப்படியே தலைகீழ். லைட் இல்லாமல் பவளம் ஓரிரு நாள் தாங்கும். ஓட்டம் நின்று ஆக்ஸிஜன் குறைந்தால் சில மணி நேரத்திலேயே மீன்கள் திணறும். வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் முதலில் வேவ்மேக்கரை இன்வெர்ட்டருக்கு மாற்றிவிட்டு, லைட்டை டைமரோடு சாதாரண லைனிலேயே விட்டுச் செல்லுங்கள்.